பூம்பாறையில் ஒரு குழந்தை ஒப்படைப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கோர்ட் அமீனா. தீர்ப்பு சொல்வது ஜட்ஜ். அதை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் நிறைவேற்றுவது என் வேலை. ஜப்தி பழகியிருந்தது. குழந்தை ஒப்படைப்பு ஆர்டர் கைக்கு வந்தது அதுதான் முதல் முறை.

பூம்பாறை கருப்பையாவும் சிவகாமியும் கோர்ட் மூலம் பிரிந்தவர்கள். நான்கு வயது மகள் வள்ளி தகப்பனிடம் இருந்தாள். அவளைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும். சிவகாமியை அழைத்துக்கொண்டு கோடைக்கானலிலிருந்து காலை பஸ்ஸில் போனேன். அவள் மடியில் ஒரு புதுப் பாவாடை. "பாத்து எட்டு மாசமாச்சு. அளவு சரியா இருக்குமோ என்னமோ," என்றாள்.

கருப்பையா வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது.

அமீனா வருகிறார் என்று தெரிந்தால் சிலர் செய்கிற வேலை இது. அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையமாட்டார், ஜப்தி தள்ளிப்போகும். பூம்பாறைக் குளிரில் வேம்பு வளராது. கீழேயிருந்து மெனக்கெட்டு வரவழைத்திருக்கிறான் என்று எனக்குக் கோபம்.

"கருப்பையா, இந்த வித்தையெல்லாம் நெறைய பாத்தாச்சு. பிள்ளைய வெரசா கூட்டிட்டு வாங்க."

"வித்தையா? உள்ள வந்து பாருங்கய்யா. மூணு நாளா கண்ணு தொறக்காம கெடக்கு."

நான் தயங்கினேன். சிவகாமி தயங்கவில்லை. இனி மிதிக்கமாட்டேன் என்று கோர்ட்டில் சொன்ன அந்த வீட்டுக்குள் நேராகப் போனாள். எட்டிப் பார்த்தேன். குழந்தையின் முகமெல்லாம் முத்து.

"தண்ணி ஊத்தாம பிள்ளைய வெளிய எடுக்கக்கூடாது. நான் இங்கனயே இருந்துக்கிறேன்," என்றாள்.

"அப்ப நான்?" என்றான் கருப்பையா.

"காட்டுல பூண்டுக் கொட்டாய் சும்மாதான கெடக்கு? அங்க போய்ப் படுங்க. வெள்ளனே பால மட்டும் வாசல்ல வச்சிட்டுப் போங்க."

அவன் கம்பளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நடந்ததை அப்படியே ரிப்போர்ட் எழுதினேன். ஜட்ஜ் படித்துவிட்டுச் சிரித்தார். "என்னய்யா, பிள்ளைய அம்மாகிட்ட ஒப்படைச்சீரா, அம்மாவைப் பிள்ளைகிட்ட ஒப்படைச்சீரா? சரி, தண்ணி ஊத்தினதும் போயி முடிச்சிட்டு வாரும்."

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் போனேன். இருவரும் சேர்ந்துவிட்டார்களா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டதுண்டு. இல்லை. பஸ் நிற்கும் இடத்தில் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். வள்ளி தகப்பன் தோளில் இருந்தாள்.

தகப்பனிடம் வாங்கித் தாயிடம் கொடுப்பது அமீனாவின் பொறுப்பு. முறைப்படி இரு கைகளையும் நீட்டினேன். வள்ளி வீறிட்டாள். கருப்பையா என்னைச் சுற்றிக்கொண்டு போய், அவளைச் சிவகாமியின் கைகளில் கொடுத்தான்.

"தூக்கத்துல போர்வைய ஒதச்சுப்புடுவா. பாத்துக்க."

"தெரியும். கொட்டாயில படுத்து இருமல் வாங்கிட்டீங்க. கசாயம் வச்சுக் குடிங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ ஒப்படைப்புகள். ஒன்றில்கூட நான் குழந்தையைத் தொட்டதில்லை. கொடுப்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு அது நேராகப் போக வேண்டும். அமீனா இரண்டடி தள்ளி நின்றால் போதும்.