இருமலை அழிக்காதவர்

ஓர்ஸ் ஹில்லில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கதிரைகள் இறக்கப் போயிருந்தேன். அங்கே தனியாக இருந்த நரைத்த மனிதர், சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் சிந்தசைசர் என்ற பழைய மின்னிசைக் கருவி ஒன்றின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். அதில் ஒரு கட்டையை விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லி என்னைக் கேட்டார். பக்கத்தில் மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்று கிடந்தது.

"கட்டைக்கு மேல இதை வைச்சாக் காணாதோ, ஐயா?"

"எப்பவும் அதைத்தான் வைக்கிறனான், தம்பி. அதோட கதைக்க ஏலாதே."

பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. திரும்பப் போட்டுக் கேட்டோம். கப்பல் சங்கு போல நீண்ட ஓசைக்குள் என் இருமல் தெளிவாகக் கேட்டது.

"அழிச்சுப்போட்டு இன்னொருக்கா எடுங்கோ."

"இருக்கட்டும். என்ர பதிவுகளில வேற ஆளே இல்லை."

எத்தனையோ ஊர்களில் கூலி வேலை செய்திருக்கிறேன். என் இருமலைக்கூட வேண்டுமென்று வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.