வேலாயியின் கல்லும் வலது செருப்பும்

வட்டவளையில் மழை வருடத்துக்கு ஒரு தடவைதான் பெய்யும். தை மாதம் தொடங்கி மார்கழியில் நிற்கும். அந்த மழையில் நனைந்தும் எடை கூடாத பொருள் தோட்டத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது வேலாயியின் கல்.

முட்டை போல வழுவழுப்பான ஆற்றுக்கல். ஹட்டனில் ஜமால்தீன் நானாவின் கடைத் தராசில் மூன்று தடவை நிறுத்துப் பார்த்து, சரியாக இரண்டு கிலோ என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்ட பிறகுதான் அதைச் சாக்குத் துணியில் கட்டினாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் அவள் கூடை தொங்குவதற்கு முன்னால் கல் தொங்கும். கல்லின் எடையை ஒரு மயிரிழை குறைத்துக் காட்டினாலும் போச்சு.

"தராசச் சரி பண்ணுங்க கணக்கப்புள்ள. நாங்க நிக்கிறோம்."

நாங்க என்றால் அவளுக்குப் பின்னால் கூடையோடு நிற்கும் நாற்பது பெண்கள். தோட்டத்துக்கு மூன்று துரைமார் மாறினார்கள். ஊசித் தராசு போய் இலக்கம் மின்னும் தராசு வந்தது. கல் மட்டும் மாறவில்லை. வேலாயி பாதை வளைவில் திரும்பும்போதே தராசு பயந்து தானாகப் பூச்சியத்துக்கு வந்துவிடும். நம்பாதவர்கள் கணக்கப்பிள்ளை நல்லமுத்துவிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்தாறாவது வயதில் இடது கை துரோகம் செய்தது. கிள்ளிய கொழுந்து கூடைக்குள் போகாமல் காலடியில் விழுந்தது. ரவிக்கையின் ஊக்கு மாட்ட முடியவில்லை. முப்பத்தெட்டு வருடம் தலைக்கயிற்றில் கூடை சுமந்த கழுத்து. ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில், கழுத்தெலும்புக்குள்ளே முதுகுத்தண்டு நரம்பு, கதவிடுக்கில் மாட்டிய கயிறு மாதிரி நசுங்கிக் கிடந்தது. சத்திரசிகிச்சை செய்து இடம் விட்டுக் கொடுக்காவிட்டால் கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்றார் டொக்டர் எக்கநாயக்க.

கை விஷயம் ஊருக்கே தெரியும். கால் விஷயம் வேலாயிக்கு மட்டும்தான் தெரியும். எட்டு மாதமாக வலது பாதம் மரத்துக் கிடந்தது. செருப்பு கழன்று பின்னால் கிடப்பது பத்தடி நடந்த பிறகுதான் தெரியும். பழைய சேலைக் கரையைக் கிழித்து, செருப்பைக் கணுக்காலோடு கட்டிக்கொண்டாள். யாராவது கேட்டால், "மழைக்கு வழுக்குது" என்பாள். வட்டவளையில் அந்தப் பதிலை எதிர்த்துப் பேச எவருக்கும் வாய் வராது.

ஏன் மறைத்தாள்? வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வளர்ந்தவர்களுக்கு அது விளங்கும். விடியற்காலையில் வரிசையாக நிற்கும்போது இடுப்பு வலி, முழங்கால் வலி என்று வாயைத் திறந்தவர்களுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது, வேலையும் கிடையாது. நாலு நாள் சொன்னால், "இவளால மலை ஏற முடியாது" என்று மலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா முடிவு கட்டிவிடுவார். ஆகவே காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்தி, "நல்லா இருக்கேங்க" என்று சொல்லியே பழகிய வாய். கை சரியானால் மறுபடியும் மலைக்குப் போகலாம். காலும் போய்விட்டது என்று தெரிந்தால்? அந்த மலையை விட்டால் அவளுக்கு வேறு மலை இல்லை.

அவளுடைய ஒரே மகள் ஜெயந்தினிக்கு, மலைக்குக் கீழே உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூளையின், நரம்பின் மின்னலைகளைப் பதிவு செய்கிற உத்தியோகம். டொக்டர் எக்கநாயக்க அங்கேதான் இருந்தார். சத்திரசிகிச்சை நடக்கும்போதே நரம்பைக் கண்காணிக்கும் கருவியையும் போடலாம் என்று அவர் சொன்னதும், ஜெயந்தினி அதைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினாள். ரயிலில் படித்தாள், சாப்பிடும்போது படித்தாள். ஒரு சனிக்கிழமை பை நிறையக் காகிதத்தோடு லயத்து வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள்.

வேலாயி ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். "ஒரு வார்த்தையில சொல்லு. அந்த நரம்பு பார்க்கிற ஒயர் போட்டா கை போகாதுன்னு எழுதித் தருவாங்களா?"

"தரமாட்டாங்க."

"அப்ப என்னாத்துக்கு ஒயரு?"

"முழுசாக் கேளும்மா. நீ மயக்கத்துல இருக்கயில கால்ல சின்னதா கரண்டு தட்டுவாங்க. அது முதுகுத்தண்டு வழியா ஏறி மூளைக்கு வருதான்னு பார்ப்பாங்க. அப்புறம் தலையில தட்டுவாங்க. கை கால் சதை துள்ளுதான்னு பார்ப்பாங்க. ஆரம்பத்துல எப்படி இருந்துச்சோ அதோட ஒப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அலை சட்டுன்னு விழுந்தா டொக்டருக்குச் சொல்லுவாங்க."

"சொன்னா?"

"அவரு கைய நிறுத்துவாரு. பிரஷர் கொறஞ்சிருக்கா, கழுத்து திரும்பியிருக்கா, எங்கயாச்சும் அமுக்குதான்னு பார்ப்பாரு."

"இது பலிக்குதுன்னு யாரு சொன்னது? மெசின் விக்கிறவனா?"

ஜெயந்தினி சிரித்தாள். அம்மாவிடம் இந்தக் கேள்வி வரும் என்று ரயிலிலேயே எதிர்பார்த்திருந்தாள். "நானும் அதத்தான் தேடுனேன். நரம்புக்கு ஆபத்து வந்தா இது கண்டுபிடிக்குமான்னு கேட்டா, நல்லாவே கண்டுபிடிக்குது. அதுக்குச் சாட்சி இருக்கு. சிலநேரம் ஒண்ணுமில்லாததுக்கும் கத்தும். ஆனா கண்டுபிடிச்சதால ஆளு நல்லா எந்திரிச்சாங்களான்னு கேட்டா, அந்த எடத்துல சாட்சி மெலிஞ்சிருது. வளஞ்ச முதுக நிமித்துற பெரிய ஆப்பரேசன்ல ரொம்பப் பேரு இத நம்புறாங்க. உன்ன மாதிரிக் கழுத்துல, ஆயிரக்கணக்கான ஆளுகளோட பதிவ வச்சி ஒயர் போட்டவங்களையும் போடாதவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தா, பெரிசா வித்தியாசம் தெரியல."

"போட்டவ யாரு, போடாதவ யாரு? சீட்டுக் குலுக்கியா பிரிச்சாங்க?"

"இல்ல. அங்கதான் கோளாறு. ஆபத்தான கேசுக்குத்தான் டொக்டர்மாரு ஒயர் கேப்பாங்க. அப்ப அந்தப் பக்கம் சேதம் கூடத் தெரியும். சீட்டுக் குலுக்கிப் பிரிச்சுப் பார்த்த நல்ல ஆய்வு கையில இல்ல."

வேலாயி ரொட்டியைத் தட்டில் போட்டாள். "விளங்குது. காஞ்ச கொழுந்தையும் ஈரக் கொழுந்தையும் ஒரே தராசுல போட்டு, எவ கெட்டிக்காரின்னு கேக்கிற கத. அது கெடக்கட்டும். நம்ம லயத்து நாய் குரைச்சுது, வாசலுக்கு வந்தவன் போயிட்டான். வந்தவன் கள்ளனா, ரோட்டுல போனவனா? அத யாரு சொல்றது?"

ஜெயந்தினி மென்றுகொண்டிருந்த ரொட்டியை மறந்து அம்மாவைப் பார்த்தாள். அத்தனை காகிதத்திலும் சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தது இந்த ஒன்றைத்தான்.

"யாராலயும் சொல்ல முடியாதும்மா. அலை விழுந்துச்சு, டொக்டரு நிறுத்துனாரு, அலை திரும்புச்சு. விட்டிருந்தா கை போயிருக்குமான்னு எவருக்கும் தெரியாது."

"அப்ப நீ என்னா சொல்ற?"

"போடச் சொல்றேன். உன் நரம்பு ஏற்கெனவே நசுங்கிக் கெடக்கு. உன்னக் குப்புறப் புரட்டிப் படுக்க வைக்கயிலயே ஒரு கண்ணு பார்த்துக்கிட்டு இருக்கணும். நாய் கள்ளனப் பிடிக்காது. ஆனாலும் நாய் இருக்கிற லயத்துலதான் நான் என் அம்மாவப் படுக்க வைப்பேன்."

வேலாயிக்கு அந்தப் பதில் பிடித்தது. பொய் வாக்குக் கொடுக்காத வாய், தன் வயிற்றில் பிறந்த வாய் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே வலது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டொக்டர் எக்கநாயக்க படிவத்தோடு வந்து, சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். இடது கையைப் பற்றி எல்லாம் சொன்னாள். "கால்கள் எப்படி?" என்றதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெரட்டுக் களத்தில் நின்ற அதே நெஞ்சு, அதே 'நல்லா இருக்கேங்க', இந்தத் தடவை சிங்களத்தில்.

"ஹொந்தய் மாத்தயா. ரெண்டும் ஹொந்தய்."

காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினாள். அழுத்தச் சொன்னார், அழுத்தினாள். மலை ஏறிய சதை, அதற்கென்ன குறை? ஊசி முனையால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். அவர் கை நகர்வதைப் பார்த்துப் பார்த்தே "தெரியுது" என்றாள். இரண்டு காலும் நல்லபடி என்று படிவத்தில் விழுந்தது.

மறுநாள் காலை, விழித்திருக்கும்போதே நரம்பைச் சோதிக்கும் அறைக்குக் கொண்டுபோனார்கள். சொந்தத் தாய் என்பதால் ஜெயந்தினிக்குப் பதிலாகக் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ரிஸ்கான். ஜெயந்தினியோடு பத்து வருடமாக வேலை செய்யும் ஹட்டன்காரர், நல்ல பருமன். ஜெயந்தினி சுவரோரமாக நின்றாள். இடது காலில் கரண்டு தட்டியபோது திரையில் அலை எழுந்தது. வலது காலில் தட்டியபோது அசைவு லேசாக, அதுவும் பிந்தி வந்தது.

ரிஸ்கான் படிவத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "அம்மா, வலது காலு மரத்துப் போகுதா?"

"இல்ல தம்பி. நல்லா இருக்கு. உங்க மெசினுக்கு மொதல்ல கல்லு போட்டுப் பார்த்தீங்களா?"

"கல்லா?"

"சரியான ஒண்ணப் போட்டு, சரியாக் காட்டுதான்னு பார்க்கணும். இல்லாட்டி மெசின் பேச்ச எப்படி நம்புறது?"

ரிஸ்கான் ஜெயந்தினியைப் பார்த்தார். ஜெயந்தினி அடுத்த கட்டிலைக் காட்டினாள். "படுங்க ரிஸ்கான். இன்னைக்கு நீங்கதான் கல்லு."

அவர் வலது சப்பாத்தைக் கழற்றினார். காலுறையின் ஓட்டை வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்த்தது. "பௌசியாட்ட சொல்லி ஒட்டுப் போடுங்க தம்பி" என்றாள் வேலாயி. அவர் மனைவி பெயர் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தால் வேலாயிக்கு வோர்ட் முழுவதன் குடும்பக் கதையும் மனப்பாடம். அதே கருவி, அதே ஒயர்கள். ஜெயந்தினி தட்டினாள். ரிஸ்கானின் வலது காலிலிருந்து வந்த அலை, கொத்மலை அணைக்கதவு திறந்தது போல எழும்பியது.

ஜெயந்தினி குனிந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த அம்மாவின் செருப்புகளை எடுத்தாள். இடதில் ஒன்றுமில்லை. வலதில் சேலைக் கரை இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது.

"மழைக்கு வழுக்காம இருக்க ஒத்தச் செருப்ப மட்டும் கட்டுவாங்களாம்மா?"

வேலாயி கூரையைப் பார்த்தாள்.

"நாளைக்குத் திரையில இந்தச் சின்ன அலையப் பார்த்தா அவங்க என்னா நெனைப்பாங்க? படிவத்துல கால் நல்லாருக்குன்னு இருக்கு. படுக்க வச்சதுல கெட்டுப் போச்சுன்னு நெனச்சு, கழுத்தப் புரட்டுவாங்க. ஒண்ணும் சரிவரலன்னா ஆப்பரேசனையே விட்டுருவாங்க. கணக்கப்புள்ள தராசுல அம்பது கிராம் வெலகுனா நாப்பது பேர நிப்பாட்டுவ. நீயே போய் டொக்டர்கிட்ட பொய்க்கல்லு தொங்கவிட்டுட்டு வந்திருக்க."

நல்லமுத்து சொல்லியிருந்தால் வேலாயியிடம் பதில் இருந்திருக்கும். நாலு துரைமார் சேர்ந்து வந்து சொல்லியிருந்தாலும் இருந்திருக்கும். தன் கல்லையே தூக்கித் தன் முன்னால் வைத்தால் என்ன சொல்வது? ரிஸ்கானின் பக்கம் திரும்பினாள்.

"எட்டு மாசமாச்சு. பாதம் மட்டுந்தான் மொதல்ல. இப்ப முழங்கால் வரைக்கும். எழுதிக்கங்க தம்பி." பிறகு மகளிடம், "மலைக்குப் போக விடமாட்டாங்கன்னுதான்டி" என்றாள்.

டொக்டர் எக்கநாயக்க வந்தார். கோபப்படவில்லை. படிவத்தில் ஒரு கோடு கிழித்து, புதிதாக எழுதினார். அவர் போகும்போது, "மாத்தயா, அந்த ஊசியால இன்னொருக்கா குத்திப் பாருங்க. இந்தத் தடவ கண்ண மூடிக்கிறேன்" என்றாள் வேலாயி.

அடுத்த நாள் நடந்ததை அவள் பார்க்கவில்லை. கண் விழித்த பிறகு ரிஸ்கான்தான் சொன்னார். வலது காலின் அலை தொடக்கத்திலிருந்து முடிவு வரை அதே சின்ன அலையாகவே நின்றது. அது அவளுடைய பழைய அலை என்று தெரிந்ததால் எவரும் பதறவில்லை. நடுவில் இடது கையின் அலை பாதிக்கும் கீழே விழுந்தது. டொக்டர் தன் கையை நிறுத்தினார். தோளைக் கீழே இழுத்து ஒட்டியிருந்த பிளாஸ்டர் இறுகியிருப்பதைக் கண்டு தளர்த்தினார்கள். பத்து நிமிடத்தில் அலை திரும்பியது. வேலை தொடர்ந்தது.

"அப்ப என் கையக் காப்பாத்துனது ஒயரா?" என்றாள் வேலாயி, கம்மிய குரலில்.

"தெரியாதும்மா. விட்டிருந்தாலும் தானாத் திரும்பியிருக்கலாம்" என்றார் ரிஸ்கான்.

"ம். ரோட்டுல போனவனாகவும் இருக்கலாம்." இடது கையை மெல்லத் தூக்கி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு கொழுந்தைக் கிள்ளினாள். கிள்ள முடிந்தது. "இருந்தாலும் நாய்க்கு ஒரு ரொட்டி போடலாம்."

மூன்றாம் நாள் காலை டொக்டர் வோர்டைச் சுற்றி வந்தார். முதல் கட்டிலில் கொத்மலைப் பக்கத்துக் கிழவி, "நல்லா இருக்கேங்க ஐயா" என்றாள். இரண்டாவது கட்டிலில் கால் வீங்கிக் கிடந்தவளும், "நல்லா இருக்கேங்க" என்றாள். மூன்றாவது கட்டில் வேலாயியுடையது.

"கை நல்லா வருது மாத்தயா. வலது காலு முழங்கால் வரைக்கும் இன்னும் மரத்துதான் கெடக்கு. கழுத்து வலிக்குது. ராத்திரி தூக்கமில்ல." மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாவது கட்டிலை நோக்கி விரலை நீட்டினாள். "அப்புறம், இவ சொன்னது பொய்யி. விடிய விடிய மொனகிக்கிட்டுக் கெடந்தா. திரும்பிப் போய் ஒழுங்காக் கேளுங்க. நாங்க படுத்திருக்கோம்."