கல்பனாவின் சுருள் முடியும் ஒரு வெள்ளிக்கிழமையும்

இந்த வாரம் வேறு எதைப் பற்றியும் எழுதுவதாக இல்லை. என் நாத்தனாரின் தலைமுடியைப் பற்றித்தான். நாட்டில் எவ்வளவோ நடக்கிறது, இவளுக்கு இதுதான் கிடைத்ததா என்கிறீர்களா? முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கல்பனா என் கணவரின் தங்கை. மயிலாப்பூரில் எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். சண்டை போடுவதற்கென்றே போன் செய்தவர்கள்கூட அவள் குரலைக் கேட்டதும் 'தேங்க்ஸ்மா' என்று வைத்துவிடுவார்கள். டி.வி.யில் நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று அவளுக்கு வெகு நாளாக ஆசை. இப்போதுதான் கேபிள் புண்ணியத்தில் புதுப் புது சேனலாக வருகிறதே... அதில் ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தாள். போன வாரம் போன் வந்தது. திங்கட்கிழமை அடையாறு ஸ்டூடியோவில் ஸ்கிரீன் டெஸ்ட்.

எங்கள் எல்லோருக்கும் கால் தரையில் பாவவில்லை. கல்பனா மட்டும் நேராகக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

"மன்னி, இந்தத் தலையோட எப்படிப் போறது? படிஞ்சு, தட்டையா, எண்ணெய் வழிஞ்சிண்டு..."

வியாழக்கிழமை லீவு போட்டாள். தி.நகரில் ஒரு பார்லருக்குப் போய் பெர்மிங் செய்துகொண்டு வந்தாள். அரை நாள் உட்கார வைத்து, முடியைக் குட்டிக் குட்டிக் குழாய்களில் சுற்றி, மூக்கைத் துளைக்கும் மருந்தை ஊற்றினார்களாம். ஆனால் திரும்பி வந்தாளே, பார்க்க வேண்டும்! தோளெல்லாம் சுருள் சுருளாகப் புரள்கிறது. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மாமியார் மட்டும், "நன்னா இருந்த முடியை நூடுல்ஸ் மாதிரி பண்ணிண்டு வந்து நிக்கறயே" என்றார்.

பார்லரில் ஒரே ஓர் எச்சரிக்கை சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று நாளைக்குத் தலையில் தண்ணீர் படக்கூடாது. கல்பனா அதை வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். மறுநாள் என்ன கிழமை என்பதைத்தான் ஒருவரும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். மழை கொட்டினாலும் சரி, பரீட்சை இருந்தாலும் சரி. கல்பனா பாதித் தூக்கத்தில் காபி டம்ளரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை நல்லெண்ணெய் வெதுவெதுப்பாக வந்து உச்சந்தலையில் சப்பென்று உட்கார்ந்தது.

"அம்மா... என்ன பண்றே?"

"தண்ணி படக்கூடாதுன்னுதானே சொன்னே? எண்ணெய் படக்கூடாதுன்னு சொல்லலையே. வெள்ளிக்கிழமையும் அதுவுமா தலை காயலாமா?"

எண்ணெய் வைத்துவிட்டு அலசாமல் இருக்க முடியுமா? சீயக்காய் வந்தது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வந்தது. பிறகு சாம்பிராணிப் புகை. மத்தியானம் முடி காய்ந்ததும் பார்த்தால் ஒரு பக்கம் சுருள் போய்விட்டது. இன்னொரு பக்கம் தேங்காய் நாராக விறைத்து நிற்கிறது. சீப்பை வைத்தால் பாதியில் நின்றுவிடுகிறது.

கல்பனா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் போகலை மன்னி. போன் பண்ணிச் சொல்லிடுங்கோ" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அம்மாவோடு பேச்சே இல்லை. மாமியாரோ சாப்பிடாமல் அடுக்களையில் உட்கார்ந்து, "என் கையாலேயே கெடுத்துட்டேனே" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆனால் ஒன்று. கெட்டுப்போனதைச் சரிசெய்வது என்றால் எனக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். அடிப்பிடித்த குக்கர், ஓடாத கடிகாரம், எதுவானாலும் சரி. இப்போது கிடைத்திருப்பது ஒரு தலை... விடுவேனா?

முட்டை தடவினால் பட்டு மாதிரி ஆகும் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லையே வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆகவே சனிக்கிழமை, கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து அப்பினேன். காய்ந்த முடிக்கு அருமையான மருந்து என்று பக்கத்து வீட்டில் சத்தியம் செய்திருந்தார்கள். இருக்கலாம். பழம் உள்ளே போனதே தவிர வெளியே வர மறுத்துவிட்டது. நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, பேன் பார்ப்பதுபோல் துணுக்குத் துணுக்காகப் பொறுக்கினோம். கல்பனா கடைசியில் சிரித்தே விட்டாள். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். சீயக்காய் இருக்கிற பசையையெல்லாம் உருவிவிட்டது. அப்படியானால் வழவழப்பாக எது கிடைக்குமோ அதுதான் வேண்டும். வெந்தயம், செம்பருத்தி இலை, புளிக்காத கெட்டித் தயிர். என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமியார் எழுந்துபோய் வெந்தயத்தை ஊறப்போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரே அரைத்தார். வெண்ணெய் மாதிரி. "நீயே தடவு" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். எனக்குக் கை வலிக்கிறது என்று ஒரு பொய் சொன்னேன்.

கல்பனா முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, அம்மா ஒவ்வொரு பிரியாகப் பிரித்துத் தடவினார். பாதித் தலை முடிந்தது. பிறகு மெதுவாக ஒரு குரல்.

"அம்மா, காதுக்குப் பின்னாடி விட்டுட்டியே."

"எங்கேடி, இங்கேயா?" மாமியாரின் கண் கலங்கியது. வெந்தய நெடி என்று சொல்லிக்கொண்டார்.

நன்றாக ஊறியபின் பச்சைத் தண்ணீரில் அலசினோம். வெந்நீர் பக்கமே போகவில்லை. துண்டால் தட்டி உதறவில்லை. பழைய வேட்டியில் பொத்திப் பொத்தி ஈரத்தை எடுத்தோம். சிக்கை விரலாலேயே பிரித்தோம். நுனியில் பிளந்துபோனதை என் தையல் கத்தரியால் கொஞ்சம்போல் வெட்டிவிட்டேன். பெர்மிங் செய்துகொண்டு அவதிப்படும் சகோதரிகளே, இந்த ஒரு பாராவை மட்டுமாவது கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன சுருளுக்கு என்ன வழி? அதே வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்தேன். ஈரம் முழுதும் காய்வதற்குள் முடியைச் சிறு சிறு பிரியாக எடுத்து, நாடாவில் சுற்றி முடிச்சுப் போட்டேன். என் கணவர் டேபிள் ஃபேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கைக்காக அவர் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

திங்கள் காலை கல்பனா அப்படியே போய் வாசல் கதவைத் திறந்திருக்கிறாள். கூடையை இறக்கிய கீரைக்காரம்மா திகைத்துப்போய், "இன்னா பாப்பா, தலையெல்லாம் கந்தத் துணியா கட்டிகினு கீற? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

உள்ளே வந்து முடிச்சுகளை அவிழ்த்தோம். ஒவ்வொன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. வந்தது பாருங்கள்... சுருளாகவும் இல்லை, நேராகவும் இல்லை, மெத்தென்று பெரிய பெரிய வளைவாக, பளபளவென்று! ஒரே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மேலாக ஒற்றினேன். பார்லரில் செய்ததைவிட இதுதான் அவள் முகத்துக்குப் பொருந்தியது. கல்பனா கண்ணாடியைப் பார்த்தாள், திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "நேரமாச்சு, கிளம்பு" என்றார் மாமியார்.

ஸ்டூடியோவுக்கு நானும் துணைக்குப் போனேன். ஆட்டோவில் வழி நெடுக முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவள், கேமரா முன்னால் உட்கார்ந்ததும் அதை அடியோடு மறந்துவிட்டாள். பேச ஆரம்பித்தாள். அந்தக் குரல், அந்தச் சிரிப்பு... கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்குப் புல்லரித்தது. டைரக்டர் ஏதோ கேட்க, அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். எந்த பார்லர் என்று கேட்டாராம். "எங்காத்துக் கூடம் சார்" என்றாளாம்.

நேற்று போன் வந்தது. அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நேயர் கடிதம் படிக்கும் நிகழ்ச்சி, வாரா வாரம்.

போனை வைத்த கல்பனா தயங்கித் தயங்கி அம்மாவிடம் போனாள்.

"அம்மா... ஷூட்டிங் வெள்ளிக்கிழமை. எல்லா வெள்ளிக்கிழமையும். காலையிலேயே போயிடணும்."

இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைக்காத மாமியார், மகளின் தலையை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அதனாலென்ன? பொம்மனாட்டிக்குச் செவ்வாய்க்கிழமையும் விசேஷம்தான்."