கட்டாத வீட்டின் சாமான்கள்

பிறர் வீட்டு அடைசலை ஒழித்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர் மறந்தும் உச்சரிக்கக் கூடாத சொல் ஒன்று உண்டு, அது ‘குப்பை’. மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின் நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் மேற்கொண்ட வேலை இது. திறந்தால் தலையில் விழும் என்ற அச்சத்தில் சொந்த அலமாரியையே திறக்காமல் காலம் தள்ளும் வாசகர்களுக்கு, நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இராது. ஒரே ஒரு வீட்டில் நடந்தவற்றை மட்டும் எழுதுகிறேன். மற்ற வீடுகளும் ஏறக்குறைய அப்படித்தான்.

துவைக்கும் கல்லின் மேல்

தனலட்சுமி என்னை வரச் சொன்னாரே தவிர, வீட்டுக்குள் அழைக்கவில்லை. கொல்லையில் துணி துவைக்கும் கல்லின் மேல் அமர்ந்திருந்தார். எனக்கும் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மதியம் முழுவதும் அங்கேதான் இருப்பாராம். உள்ளே போனால் நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, யார் பேசினாலும் எரிந்து விழத் தோன்றுகிறது என்றார். மருத்துவரிடம் காட்டியதில் ரத்த அழுத்தம் உட்பட அனைத்தும் சரியாக இருந்தன. அதுவே அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

கணவர் ராமலிங்கம் சுரங்கத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். ஒரே மகள் சுதாவுக்குத் திருச்சியில் வாழ்க்கை, இப்போது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு வரவேண்டியவள், “வந்தா நான் எங்கம்மா படுப்பேன்?” என்று தொலைபேசியில் கேட்டுவிட்டாள். இடம் இல்லையென்றால் பிரசவத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக மாமியாரும் சொல்லிவிட்டார். வளைகாப்புக்குள் நடு அறை காலியாக வேண்டும். அந்த அறையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“தேக்குக் கதவுங்க டீச்சர். பெத்த பொண்ணு படுக்க எடமில்லாத வூட்டுல, அது மட்டும் காலை நீட்டிப் படுத்துக்கினு இருக்குது.”

இந்த வீடு, நம்ம வீடு

குவார்ட்டர்ஸில் வாழ்பவர்களுக்கு மனத்தளவில் இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று, குடியிருக்கும் வீடு. அது வேலை உள்ளவரை. மற்றொன்று, எங்கோ வாங்கிப் போட்ட மனையில் என்றாவது கட்டப்போகும் வீடு. ராமலிங்கத்தின் மனை குள்ளஞ்சாவடிப் பக்கம் புல் முளைத்துக் கிடந்தது. ஆனால் வீடு கட்டுவதற்கு வேண்டியவை கண்ணில் படும்போதெல்லாம் அவர் வாங்கிவிடுவார். தேக்கு நிலையும் கதவும் நடு அறையில் கிடத்தப்பட்டிருந்தன. டைல்ஸ் பெட்டிகள் சுவரை மறைத்துக் கூரையை நோக்கி உயர்ந்திருந்தன. சமையலறைக்கு வாங்கிய எவர்சில்வர் சிங்கில் வெங்காயம் கொட்டி வைக்கப்பட்டிருந்தது. வெள்ளைக் கமோடு ஒன்று துண்டு போர்த்திக்கொண்டு சாமி அலமாரிக்கு அருகில் வீற்றிருந்தது. யாரும் பயன்படுத்தாததால் அதற்குத் தீட்டு இல்லை என்பது ராமலிங்கத்தின் வாதம்.

“ஒரு வீட்டுக்கு இவ்வளவு சாமான் எதற்கு?” என்று ராமலிங்கத்திடம் கேட்டேன். நான் விஷயம் புரியாமல் பேசுவதாக அவர் வருந்தியது முகத்திலேயே தெரிந்தது.

“இதுல ஒண்ணுகூட இந்த வூட்டுச் சாமான் இல்லீங்க டீச்சர். எல்லாம் நம்ம வூட்டுச் சாமான்.”

பெர்மனென்டா, கான்ட்ராக்டா?

எந்த ஊருக்கும் அந்த ஊருக்குப் புரியும் மொழியில்தான் பாடம் நடத்த வேண்டும். இங்கே எல்லோருக்கும் விளங்கும் இரண்டு சொற்கள் பெர்மனென்டும் கான்ட்ராக்டும். எப்போதும் புழங்கும் பொருள் பெர்மனென்ட். ஒரு காரியத்துக்காக வந்து, காரியம் முடிந்தபின்னும் நகராமல் இருப்பது கான்ட்ராக்ட். முன்னதற்கு ‘பெ’ என்றும் பின்னதற்கு ‘கா’ என்றும் குறியிடும்படி ராமலிங்கத்திடம் ஒரு சாக்பீஸைக் கொடுத்துவிட்டு, பரணைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால் எங்கும் ‘பெ’. மூடி தொலைந்த மிக்ஸி ஜார், கம்பி வெளியே வந்த குடை, டிவி வந்த அட்டைப்பெட்டி, அந்தப் பெட்டிக்குள் இருந்த வேறு அட்டைப்பெட்டிகள் யாவும் நிரந்தரப் பணியாளர்களாகிவிட்டன. குவார்ட்டர்ஸ் மாறும்போது அட்டைப்பெட்டி வேண்டியிருக்கும் என்றார். எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு, கொல்லையிலிருந்து தனலட்சுமி உள்ளே வந்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

“எல்லாத்தையும் பெர்மனென்ட் பண்ணிட்டீங்க. அப்ப இந்த வூட்டுல நான் ஒருத்திதான் கான்ட்ராக்டா?”

கதவின் மேல் ஒரு வழக்கு

அந்தக் கேள்விக்குப் பிறகு அட்டைப்பெட்டிகளும் ஜார்களும் எதிர்ப்பின்றி வெளியேறின. நிலையும் கதவும் மட்டும் அசையவில்லை. மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு வாங்கி வந்த வாசல்நிலையை மனைக்குக் கொண்டுபோய் வெயிலிலும் மழையிலும் போடுவது குடும்பத்துக்கு ஆகாது என்றார் ராமலிங்கம். விற்கலாம் என்று நான் வாயெடுத்தபோது, காதில் விழாதது போலச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் சம்பந்தியம்மாளின் அழைப்பு வந்தது. தொட்டில் மாட்டுவதற்குத் தங்கள் வீட்டு உத்தரத்தில் கொக்கி அடித்தாகிவிட்டது என்று நல்ல மனதோடுதான் சொன்னார். தனலட்சுமி கைபேசியை வைத்துவிட்டு, கிடந்த கதவின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தெரிந்து அந்த அறைக்குள் அவர் உட்கார்ந்தது அன்றுதான். அவர் அழவில்லை. குரலும் உயரவில்லை.

“வரப்போற வூட்டுக்கு எல்லாம் சேத்துட்டீங்க. வரப்போற புள்ளைக்கு ஒரு பாய் விரிக்க எடம் வைக்கல. நீங்க கதவைப் பாத்துக்கினு இருங்க; நான் திருச்சிக்குப் பஸ் ஏறிடறேன்.”

குட்டி யானையில் ஏறியவை

ராமலிங்கம் சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுக்காமல் வேலைக்குப் போனார். கோபம் என்று நினைத்தேன். வார விடுமுறையன்று குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சிறிய சரக்கு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. இடையில் ஷிப்டு முடிந்த நேரங்களில் குள்ளஞ்சாவடி மனைக்குப் போய், நான்கு கால் நட்டுத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். நிலையைத் தூக்கும்போது அவரே தலைமாட்டைப் பிடித்துக்கொண்டார். “பேரப்புள்ள நம்மகிட்ட வரலைன்னா, அப்புறம் அந்த வூட்ட யாருக்குங்க கட்டறது?” என்று என்னைப் பார்க்காமலே கேட்டார். சரியாக எழுதிய மாணவனிடம் மேற்கொண்டு கேள்வி கேட்கும் வழக்கம் எனக்கில்லை.

கதவு, டைல்ஸ், சிங்க் என்று வரிசையாக ஏறின. கடைசியாகக் கமோடு, துண்டோடு. வண்டிக்கு முன்னால் ராமலிங்கம் தேங்காய் உடைத்தார். கேட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த தனலட்சுமி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

“பாருங்க டீச்சர். நமக்கு முன்னாடி கமோடு கிரகப்பிரவேசத்துக்குப் போவுது.”

நடு அறை

மறுநாள் மதியம் போனபோது துவைக்கும் கல் வெறுமையாக இருந்தது. நடு அறையில், கழுவி உலர்ந்த வெறுந்தரையில், தனலட்சுமி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சாமான் குறைந்ததால் நோய் தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் என் பழைய மாணவிகள் ஆதாரம் கேட்பார்கள். அவர் அந்த வீட்டுக்குள் பகலில் தூங்கினார். நான் கண்டது அவ்வளவே. எழுப்பாமல் திரும்பிவிட்டேன்.

வளைகாப்பு முடிந்து சுதாவை அழைத்து வந்தார்கள். கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு அறை வாசலில் நின்றவள், உள்ளே வராமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டைல்ஸ் பெட்டிகள் இருந்த இடத்தில் இப்போது மாமரமும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. பள்ளிப் பருவம் முழுவதையும் அந்த வீட்டிலேயே கழித்தவள் அவள்.

“யம்மா, இந்த ரூம்ல ஜன்னல் இருந்துச்சா?”

இன்னும் பிறக்காத அந்தக் குழந்தை ஓட்டுவதற்கென்று ராமலிங்கம் அன்று மாலையே வாங்கி வந்து வராந்தாவில் நிறுத்திய மூன்று சக்கர சைக்கிளைக் கண்டபின், இந்தத் தொழிலில் எனக்கு ஓய்வு என்பது கிடையாது என்ற முடிவுக்கு வந்தேன்.