இடது பக்கத்து வலி

குழந்தைக்காகக் கொழும்பில் ஊசி போட்டுக்கொண்ட காலத்தில் மடுல்சீமை மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கருமுட்டைகள் வளரப் போட்ட ஊசி என் உடம்பில் அளவுக்கு மீறி வேலை செய்தது. வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து தேறினேன். கரு தங்கவில்லை.

வீக்கம் வடிந்த பிறகும், கருமுட்டை வளரும் சூலகங்களில் நீர்க்கட்டிகள் வந்து வந்து போயின. இடது பக்கத்துக் கட்டி மட்டும் போகவே இல்லை. பதுளையில் என்னைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். எதையும் மழுப்ப மாட்டார்.

"அந்த ஊசியாலதானா டாக்டர்?"

"அதாலதான் எண்டு உறுதியாச் சொல்ல ஏலாது. ஆனா கட்டி பெருத்தா சூலகம் முறுகலாம். திடீரெண்டு கடும் வலியும் சத்தி வாந்தியும் வந்தா வீட்டில நிக்காதேங்கோ."

மாமியாருக்குச் சந்தேகமே இல்லை. "சாமி குடுக்காதத ஊசி போட்டு வாங்கப் போனா இப்பிடித்தான்."

"ஒங்க மகனும் சேந்துதான் முடிவெடுத்தாரு மாமி. திட்டுல பாதிய அவருக்கும் குடுங்க" என்பேன்.

போன மழைக்காலத்தில், பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது அந்த வலி வந்தது. வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்தவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"வயித்துல கேஸ் சேந்த மாதிரி இருக்கு டீச்சர். மருந்து தாறேன், படுத்துப் பாருங்க."

"கேஸ் இல்லங்க. சூலகம் முறுக்கியிருக்கும். ஸ்கேன் பண்ணணும். பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை எழுதினார். கணவர் தன் வேனைக் கொண்டுவந்து, "மழை விடட்டுமா?" என்றார்.

"மழை விடும். இது விடாது. எடுங்க."

குழிக்குக் குழி உயிர் போனது. அவர் வேகத்தைக் குறைத்தார்.

"வேகமாப் போங்க. நான் கத்துறேன், நீங்க ரோட்டப் பாருங்க."

பதுளையில் ஒபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது டாக்டர் பக்கத்தில் நின்றார். "இடது சூலகம் ரத்தம் ஓடாமல் கறுத்துப்போச்சு, எடுத்திட்டம். வலது பக்கம் நல்லா இருக்கு. சுணங்காமல் வந்தது நல்லதாப் போச்சு."

கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு, எப்போது பாடசாலைக்குப் போகலாம் என்று கேட்டேன்.

மாமியார் கஞ்சியோடு வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, கடைசியில், "ஆறுது, குடி" என்றார். குடித்தேன். இனிச் சிகிச்சை வேண்டாம் என்று நானும் கணவரும் அந்த வாரமே முடிவெடுத்தோம்.

இப்போது நலமாக இருக்கிறேன். தவறாமல் ஸ்கேன் எடுக்கிறேன். சென்ற மாதம் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகிப் பல வருடம், குழந்தையில்லை.

"ஊசி போட்டது தப்புன்னு நெனக்கிறீங்களா டீச்சர்?"

"இல்ல. ஆசப்பட்டோம், போனோம். நீயும் போ. ஆனா என்னென்ன ஆகலாம்னு மொதல்லயே கேளு. வயிறு வீங்கினா, வலிச்சா, பேசாம இருக்காத."

கேட்க வெட்கமாக இருக்கும் என்றாள். அடுத்த சனிக்கிழமை பதுளை டாக்டரைப் பார்க்க அவளோடு நானும் பஸ் ஏறினேன்.