முதல் அல்பத்தின் கடைசிப் பாட்டு

நிரூபாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, ஆனால் மறக்கமாட்டாள். லண்டனில் படித்த காலத்தில் டொபி என்ற வெள்ளைக்காரப் பொடியனைக் காதலித்தாள். அவன் மூன்று கூட்டாளிகளோடு பாட்டுக்குழு ஒன்று நடத்தினான். காதல், கடவுள், அரச குடும்பம், பெற்ற தாய், ஒன்றையும் விடாமல் நக்கலடிப்பதுதான் அவர்களுடைய பாட்டு. அவளும் சேர்ந்து சிரித்தவள்தான்.

ஒருநாள் ரொறன்ரோவில் அவளுடைய அப்பா மாரடைப்பில் போய்விட்டார். டொபி போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரல்செய்தி விட்டாள். ஆங்கிலத்தில் தொடங்கியவளுக்கு இடையில் தமிழ்தான் வந்தது. "அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார் டொபி... நான் இனி ஆரை அப்பா எண்டு கூப்பிடுறது?" அவனிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. தனியே விமானமேறி வந்தவள், அம்மாவோடு ரொறன்ரோவிலேயே தங்கிவிட்டாள். பக்கத்து நகரமான மிசிசாகாவில் வேலையும் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் அந்தக் குழுவின் முதல் அல்பம் வந்து ஓகோவென்று ஓடியது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், விட்பியில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில் அதன் கடைசிப் பாட்டைப் போட்டார்கள். டிரம்ஸ் அடியோடு, நாலு பேர் சிரிக்கிற சத்தத்துக்கு மேல், அவளுடைய அழுகை. "ஆரை அப்பா எண்டு... ஆரை அப்பா எண்டு..." சனம் கையைத் தூக்கி ஆடியது.

அம்மா சந்திரவதனா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார். "உது உன்ர குரலெல்லே பிள்ளை?"

"ஓம் அம்மா."

"அப்பான்ர சாவை வைச்சோ ஆடுறாங்கள்?"

அடுத்த கிழமையே நிரூபா மில்லிக்கனில் கிறிஸ்துநாயகம் என்ற வழக்கறிஞரிடம் போனாள். திகதியோடு அந்தக் குரல்செய்தி அவளுடைய போனில் அப்படியே இருந்தது. வழக்கறிஞரின் கடிதம் கிடைத்ததும் அல்பத்தை வெளியிட்ட லண்டன் கம்பனிக்கு வியர்த்துவிட்டது. பாட ரொறன்ரோ வந்த டொபியிடமே, குரலைப் பாவிக்கச் சம்மதம் என்று அவளிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள்.

சந்திப்பு நாளில் அவள் நேரத்துக்கே வந்துவிட்டாள். ஆனால் காருக்குள் இருந்தபடி, வழக்கறிஞரின் கந்தோர்க் கண்ணாடிக்குள்ளால் அவன் கைக்கடிகாரம் பார்ப்பதை ஒரு மணித்தியாலம் ரசித்தாள். பிறகுதான் உள்ளே போனாள்.

"நீ என்ன சொன்னாயெண்டே எனக்குத் தெரியாது, நிரூ. கேக்க வடிவாயிருந்தது," என்றான் டொபி ஆங்கிலத்தில்.

அவள் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்துச் சொன்னாள். அவன் தலை குனிந்தான். குனிந்த தலை நிமிரட்டும் என்று பார்த்திருந்து, இன்னொருமுறை சொன்னாள்.

"மன்னிச்சுக்கொள். அல்பத்தில உன்ர பேரைப் போடுறன்."

"பேர் வேண்டாம். பாட்டைத் தூக்கு."

"அந்தப் பாட்டாலதான் எங்களை ஆக்களுக்குத் தெரியும். அது போனா நாங்கள் முடிஞ்சம்."

"தெரியும். அதுக்குத்தான் வந்தனான்."

மூன்று கிழமைக்குள் பாட்டு எல்லா இடத்திலிருந்தும் காணாமல் போனது. மஞ்செஸ்டரில் ஒரு கச்சேரியில் சனம் அதைப் பாடச் சொல்லிக் கத்த, டொபி முழித்துக்கொண்டு நிற்பதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். கூச்சல் ஏறி, ஒரு பிளாஸ்ரிக் கோப்பை அவனுடைய நெஞ்சில் வந்து பட்டது.

நிரூபா அதை அம்மாவுக்குக் காட்டினாள். சந்திரவதனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சுவிடாமல் பார்த்து முடித்தார்.

"இன்னொருக்காப் போடு பிள்ளை," என்றார்.