எலிக்குத் தலைக்கட்டு எழுதிய கதை

ஆராய்ச்சிக்கூடச் சுண்டெலிகளின் ஊர், பேர், பரம்பரை, வியாதி எல்லாம் பார்த்து, பல இணையதளங்களில் கிடப்பதை ஒரே தளத்தில் சேர்க்கிற பிழைப்பு இருக்கிறதே, அதை எதிரிக்குக்கூடக் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே கம்ப்யூட்டர் தட்டி, "சும்மாதானே கீற" என்று பேச்சு வாங்கும் சக பாவிகளே, உங்களுக்காவது புரியும்.

எங்கூட்டு எலி

பழவேற்காட்டில் என் வேலையைப் பற்றிப் பரவியதே தப்பாகத்தான். பக்கத்து வீட்டு மல்லிகாக்கா ஒரு நாள் இறால் வலையைக் கொண்டுவந்து கீபோர்டு மேலேயே போட்டாள். எலி கடித்ததில் என் தலையே நுழையும், அவ்வளவு பெரிய ஓட்டை. நான் பார்ப்பது வெளிநாட்டில் ஏசியில் வளரும் எலி என்றேன். அக்கா மேலும் கீழும் பார்த்தாள். "சீமை எலிக்கெல்லாம் ஜாதகம் பாக்குற, எங்கூட்டு எலிய மட்டும் கண்டுக்க மாட்ட, இன்னா?"

ஒரே எலி, மூணு பேர்

ஒரே வகைக் கறுப்பு எலிக்கு ஒரு தளத்தில் பேர், இன்னொன்றில் நம்பர், மற்றொன்றில் எல்லாரும் மறந்துபோன பழைய பேர். மூன்றும் ஒன்றுதானா என்று ஆதாரம் தேடிச் சேர்க்கணும். ஒரு முழு நாள் மண்டை காய்ந்து ஒரே ஒரு எலியைச் சேர்த்தேன். சென்னையிலிருந்து மேனேஜர் போனில் சொன்னார்: "எங்க வீட்டுப் பூனை உன்னைவிட வேகம்மா."

தலைக்கட்டு

ஏரியில் இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று முறை வைத்து மீன் பிடிப்பதற்குப் பாடு என்று பேர். எங்கள் குப்பத்தின் குடும்பக் கணக்கில் கல்யாணமான ஆம்பளைதான் தலைக்கட்டு, அவனுக்குத்தான் பாடு. நைனா போனதும் எங்கள் வீட்டுப் பாடும் போச்சு. எனக்கும் அம்மாவுக்கும் இந்த எலிகள்தான் சோறு போடுகின்றன. இந்த வேலையைக் கொடுத்த வெளிநாட்டு டாக்டரம்மா தளத்தைப் பார்த்துச் சரி என்றால்தான் வேலை நீடிக்கும்.

அவர் பார்க்கிற அன்று காலையில் தளத்தில் 'கர்ப்பம்' என்று தேடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. 'பிரசவம்' என்று தேடினேன். அதுவும் இல்லை. ஐயோ சாமி, தளம் முழுக்க ஆண் எலி! எலிகளை ஏற்றியது என்னோடு வேலை பார்க்கும் குணாண்ணன். குப்பத்துத் தலைக்கட்டுக் கணக்கு எழுதுகிறவரும் அவரே. ஓடிப்போய், பொட்டை எலியெல்லாம் எங்கே என்று கத்தினேன். மனுஷன் நிதானமாக டீயை ஊதினார். "பொட்டைய எதுக்கும்மா தனியா எழுதணும்? அது ஆம்பள கணக்குலயே வந்துடுதே."

டாக்டரம்மா சரி சொன்னார்

திட்டக்கூட நேரமில்லை. இரண்டு பேரும் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, பெண் எலிகளை எல்லாம் ஏற்றினோம். டாக்டரம்மா பிரமாதம் என்றார். வேலை தப்பித்தது; எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சூட்டிலேயே கேட்டேன்: "அண்ணே, எழுதுன கையோட எங்க அம்மா பேரையும் தலைக்கட்டுல எழுதிடுங்களேன்." குணாண்ணன் பதறிப்போனார். "அது எலிம்மா. இது ஊரு."

ஆக மக்களே, உலகத்துப் பொட்டை எலிகளையெல்லாம் கணக்கில் ஏற்றிவிட்ட நான், ஏரிக்கரையில் இன்னும் கணக்கில் வராமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.